"ஓட்டு இருக்கா?": குமரியிலிருந்து 2024 தேர்தல் நாட்குறிப்பு

2024 மார்ச் 16, சனி

பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்தல் ஆணையம் மக்களவைத் தேர்தல் தேதிகளைச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் முதல் கட்டத்திலேயே, ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. எண்ணிக்கை ஜூன் 4. விளவங்கோடு எம்எல்ஏ பதவி விலகியதால் அங்கே அதே நாளில் சட்டமன்ற இடைத்தேர்தலும் உண்டு.

நம் பக்கத்தில் "உனக்கு ஓட்டு இருக்கா?" என்று ஒருவர் கேட்டால், வயசை விசாரிக்கவில்லை; பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்கிறார். சட்டமும் அப்படித்தான் பேசுகிறது. அரசமைப்பின் 326ஆம் பிரிவு வயது வந்தோர் அனைவருக்கும் என்கிறது. அந்த வயது 1989 வரை 21, அதன்பின் 18. ஆனால் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆம் பிரிவுப்படி, பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது. கையில் வண்ண வாக்காளர் அட்டை இருந்தும் பெயர் நீக்கப்பட்டிருந்தால் ஓட்டு இல்லை. அட்டையைத் தொலைத்தவருக்குப் பட்டியலில் பெயர் இருந்தால் ஓட்டு உண்டு. இதைப் புரிந்துகொள்ளாமல் அட்டையை மட்டும் லேமினேட் செய்து பீரோவில் பூட்டி வைப்பவர்கள்தான் அதிகம்.

மார்ச் 17, ஞாயிறு

பெயர் சேர்க்க இன்றுதான் கடைசி நாள். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 27. அன்றோடு பட்டியல் உறைந்துவிடும். விண்ணப்பத்தை ஏழு நாள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும், பிஎல்ஓ எனும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும், அதிகாரி உத்தரவு போட வேண்டும். அதனால்தான் பத்து நாள் முன்னதாகக் கதவு சாத்தப்படுகிறது. தேர்தல் சூடு பிடித்த பிறகு விண்ணப்பிப்பவர்கள் அடுத்த தேர்தலுக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள்.

அதிகம் தவறு நடப்பது படிவத்தைத் தேர்ந்தெடுப்பதில். படிவம் 6 பட்டியலில் எங்கும் பெயர் இல்லாதவருக்கு மட்டும். வீடு மாறினாலும், பெயரிலோ பிறந்த தேதியிலோ பிழை இருந்தாலும், அட்டை தொலைந்தாலும் படிவம் 8. தோவாளையிலிருந்து கல்குளத்துக்குக் கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குப் பெரும்பாலும் புதிதாகப் படிவம் 6 போட்டுவிடுகிறார்கள். பிறந்த வீட்டுப் பாகத்தில் (ஒரு சாவடிக்குரிய பட்டியல்தான் பாகம்) ஒரு பெயர், புகுந்த வீட்டுப் பாகத்தில் இன்னொன்று, இரண்டு அட்டை. பிறகு இரட்டைப் பதிவு என்று ஒன்றை நீக்கும்போது, எது நீக்கப்படும் என்பது அவள் கையில் இல்லை. படிவம் 8 போட்டால் மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட பழைய அட்டை எண்ணே கூட வரும்.

கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலும் இந்தப் பக்கம் ஊரிலும் பெயர் வைத்திருப்பது சிலருக்குப் பெருமை. 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவருக்கு ஓரிடம்தான் என்கிறது. வேறெங்கும் பெயர் இல்லை என்று பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை.

ஆன்லைனில் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெயரைத் தட்டினால் தமிழ் வடிவம் தானாக வந்து நிற்கும். நம் மாவட்டத்துப் பெயர்களை அது படுத்தும் பாடு சொல்லி மாளாது. ஷைஜு, ஜெபின், பிரிஜித் போன்ற பெயர்களைத் திருத்தாமல் அனுப்பினால், அச்சில் வேறு யாரோ ஆகிவிடுவோம்.

மார்ச் 21, வியாழன்

நேற்று அறிவிக்கை வந்தது. இப்போது ஓடுவது தபால் ஓட்டுக்கான படிவம் 12டி. 85 வயது கடந்தவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். அறிவிக்கையிலிருந்து ஐந்து நாளுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். குழு வீட்டுக்கு வரும்போது ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வரும். அப்போதும் இல்லையென்றால் அவ்வளவுதான். 12டி கொடுத்து ஏற்கப்பட்டவர் மனம் மாறிச் சாவடிக்குப் போனாலும் போட முடியாது. பெற்றவர்களுக்காகப் பிள்ளைகள் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கோயிலுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு சாவடிக்குப் போவதில் ஒரு பாட்டிக்கு இருக்கும் சந்தோஷத்தை அது பறித்துவிடும். முதலில் அவரிடம் கேளுங்கள்.

மார்ச் 28, பெரிய வியாழன்

இன்று வேட்புமனுப் பரிசீலனை. 2019இல் இதே பெரிய வியாழனில்தான் வாக்குப்பதிவே நடந்தது, ஏப்ரல் 18. மறுநாள் பெரிய வெள்ளி. தேதியை மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனார்கள், மாறவில்லை. ஏறக்குறைய பாதிப்பேர் கிறிஸ்தவர்களாக உள்ள மாவட்டத்தில், தேவாலய வளாகப் பள்ளிகளே வாக்குச்சாவடிகளாகும் ஊர்களில், அன்று ஒரே வாசலில் இரண்டு கூட்டம். தேதி குறிப்பவர்கள் பரீட்சை, வெயில், மத்தியப் படை நகர்வு எல்லாம் பார்க்கிறார்கள். ஒரு மாவட்டத்தின் பஞ்சாங்கம் அந்தக் கணக்கில் கடைசியில்தான் வருகிறது.

மார்ச் 30, சனி

மனுவை வாபஸ் வாங்க இன்று கடைசி. இனி பெயர் வரிசை மாறாது. ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்கள். கடைசியாக வரும் நோட்டாவுக்கு ஒன்று போனால் 15 வேட்பாளர்களுக்கு இடம். பதினாறாவது ஆள் நின்றால் இரண்டாவது கருவி வேண்டும். இரண்டு கருவி வைத்த சாவடியில், முதல் கருவியில் தன் சின்னம் இல்லையே என்று திகைத்து ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு வருபவர்கள் உண்டு. வலப்பக்கம் அடுத்த கருவியையும் பாருங்கள் என்று வீட்டில் சொல்லி அனுப்புவது நல்லது.

நோட்டா பற்றி ஒரு வார்த்தை. 2013 செப்டம்பர் 27 தீர்ப்பால் வந்தது. நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர் எம்பி ஆவார். டெபாசிட் கணக்கிலும் அது சேராது. கோபத்தைப் பதிவு செய்ய உதவும், முடிவை மாற்றாது.

ஏப்ரல் 7, ஞாயிறு

பழைய கணக்கு ஒன்று. சென்னை மாகாணத்தில் 1946 தேர்தல்வரை வரி கட்டுபவர், படித்தவர் என்று பார்த்துத்தான் ஓட்டு. வயது வந்த எல்லோரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1951-52இல் வந்தது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நம் தாலுகாக்களுக்கு அது முதல்முறை இல்லை. 1948 பிப்ரவரியில் திருவிதாங்கூர் பிரதிநிதி சபைக்கு வயது வந்தோர் வாக்குரிமை அடிப்படையில் தேர்தல் நடந்தது. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்ப் பகுதிகளில் வென்று நின்றது அங்கேதான். 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு இணைந்ததைக் கொண்டாடுகிறோம். அதற்கு எட்டு வருடம் முன்பே அகஸ்தீஸ்வரத்துக் கூலிக்காரரும் அவர் மனைவியும் ஓட்டுப் போட்டார்கள் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரி பெற வேண்டிய செய்தி.

ஏப்ரல் 15, திங்கள்

இன்று முதல் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை, 61 நாள். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் என்பது நம் விசேஷம். சின்னமுட்டம் விசைப்படகுகள் கிழக்குக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஏப்ரல் 19 அன்று சின்னமுட்டத்து ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்துத் தங்கு கடல் தொழிலாளிகளுக்கு அது நல்ல தொழில் நாள். கொச்சியிலிருந்து புறப்படும் படகு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஐஸும் டீசலும் ஏற்றிய படகை ஓட்டுக்காக நடுவில் திருப்ப முடியாது.

ராணுவத்தில் இருப்பவருக்கு வாக்குச்சீட்டு மின்னணு முறையில் போகும். அச்செடுத்துக் குறியிட்டுத் தபாலில் திருப்பி அனுப்பலாம். தேர்தல் பணியில் இருப்பவருக்கும் தபால் ஓட்டு உண்டு. கடலில் இருப்பவருக்கு எந்தப் படிவமும் இல்லை. வளைகுடாவில் இருப்பவர் படிவம் 6ஏ மூலம் பெயர் சேர்க்கலாம். 2010இல் திருத்திய சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. ஆனால் அசல் பாஸ்போர்ட்டோடு சொந்தச் சாவடிக்கே வந்து நிற்க வேண்டும். விமானக் கட்டணம் கொடுத்து வந்து ஓட்டுப் போடுவது எத்தனை பேருக்கு முடியும்? ஆள் ஊரில் இல்லை என்பதே நம் மாவட்டத்துப் பிழைப்பின் தன்மை. சட்டமோ ஆள் ஊரில் இருப்பார் என்று வைத்து எழுதப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. பிஎல்ஓ வந்து பார்க்கும்போது இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள், இறந்தவர்கள் என்று தனிப் பட்டியல் ஒன்று வாக்குச்சாவடி அலுவலரிடம் இருக்கும். லீவில் வந்தவர் பெயர் அதில் இருந்தால் ஓட்டு மறுக்கப்படாது. அடையாள ஆவணத்தைக் கூடுதலாகச் சரிபார்த்து, கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வாங்குவார்கள். "செத்துப்போனதா எழுதியிருக்கு" என்று கேட்டதும் கோபித்துத் திரும்பிவிடக் கூடாது.

ஏப்ரல் 18, வியாழன்

பூத் சிலிப்பில் பாக எண், வரிசை எண், சாவடியின் பெயர் இருக்கும். 2019 முதல் அதை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது. வாக்காளர் அட்டை, அல்லது ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை உள்ளிட்ட பன்னிரண்டில் ஒன்றின் அசல். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை.

திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருபவர்களுக்கு: கேரளத்தில் வாக்குப்பதிவு 26ஆம் தேதி, ஆகவே நாளை அங்கே வேலை நாள். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி (135B) பிரிவு தரும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு, வேலை செய்யும் தொகுதியை வைத்து இல்லை, ஓட்டு இருக்கும் தொகுதியை வைத்துத்தான். முதலாளியிடம் இன்றே எழுதிக் கொடுத்தால் வாக்குவாதம் குறையும்.

ஏப்ரல் 19, வெள்ளி

வாக்குப்பதிவு காலை 7 முதல் மாலை 6 வரை. ஆனால் சாவடி விழித்தது ஐந்தரைக்கு. வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி ஓட்டு. அதை முடித்து, முடிவு பார்த்து, அழித்து, போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் பெட்டியிலிருந்து மாதிரிச் சீட்டுகளை எடுத்துக் கறுப்பு உறையில் முத்திரையிட வேண்டும். அவசரத்தில் அழிக்க மறந்தால் மாலையில் கணக்கு இடிக்கும். எண்ணும் நாளில் அந்த இயந்திரத்தைத் தனியே எடுத்து வைக்க வேண்டிவரும். முகவராக உட்கார்பவர் அந்த அதிகாலையில் தூங்கி வழிந்தால் பிறகு புகார் சொல்லிப் பயனில்லை.

உள்ளே முதல் அலுவலர் பெயரை உரக்க வாசிப்பார். ஆட்சேபம் இருந்தால் முகவர் அப்போதே சொல்ல வேண்டும். அதற்குக் கட்டணம் இரண்டு ரூபாய். இரண்டாமவர் இடக்கை ஆள்காட்டி விரலில் நகத்தின் மேல்நுனியிலிருந்து கோடு இழுப்பார். மைசூரில் தயாராகும் சில்வர் நைட்ரேட் மை. எண்ணெய்க் கையோடு போனால் மை பிடிக்காது என்பதால் விரலைத் துடைக்கச் சொல்வார்கள். வாக்களிப்பவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்து. மூன்றாமவர் கட்டுப்பாட்டுக் கருவியை அழுத்தியதும் உள்ளே பச்சை விளக்கு. நீல பொத்தானை அழுத்தினால் சின்னத்தின் அருகே சிவப்பு விளக்கு. பக்கத்து விவிபேட் பெட்டியின் கண்ணாடியில் ஏழு நொடி சீட்டுத் தெரியும். அது விழுந்து, நீண்ட ஒலி கேட்ட பிறகே ஓட்டுப் பதிவாகும். பலர் பொத்தானிலிருந்து கண்ணை எடுப்பதே இல்லை. ஏழு நொடி சும்மா போய்விடுகிறது.

சீட்டில் வேறு சின்னம் வந்ததாகச் சொன்னால் 49எம்ஏ விதி. எழுத்தில் உறுதிமொழி கொடுத்து, எல்லோர் முன்னிலையிலும் ஒரு சோதனை ஓட்டுப் போட வேண்டும். புகார் உண்மையானால் வாக்குப்பதிவு நிற்கும். பொய்யானால் வழக்கு.

நம் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால் 49பி (49P) விதி. கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் காகித வாக்குச்சீட்டு தருவார்கள். அது உறையில் தனியே போகும்; சாதாரண எண்ணிக்கையில் சேராது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் "சேலஞ்ச் ஓட்டு" போடலாம், 14 சதவீதம் அப்படி வந்தால் மறுவாக்குப்பதிவு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி முழுப் பொய். தேர்தலுக்குத் தேர்தல் அது உயிர்த்தெழுகிறது.

விளவங்கோட்டில் இரண்டு இயந்திரம். மக்களவைக்கு வெள்ளைத் தாள், சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்பு. மாவட்டம் முழுக்க 2021 ஏப்ரல் 6 அன்று இப்படிப் போட்ட பழக்கம் இருக்கிறது; எம்பி வசந்தகுமார் மறைவால் சட்டமன்றத் தேர்தலோடு சேர்ந்து வந்த மக்களவை இடைத்தேர்தல் அது. முதல் கருவியில் மட்டும் அழுத்திவிட்டு ஒருவர் வெளியேறினால் இரண்டாவது கருவி காத்துக்கொண்டே நிற்கும். 17ஏ பதிவேட்டுக்கும் இயந்திரத்துக்கும் எண் பொருந்தாது. அலுவலருக்கு வியர்ப்பது அப்போதுதான்.

ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து முன்னோக்கி எண் சீட்டு. பிறகு வந்து சேர்பவர் நடுவில் நுழைய முடியாது. நல்ல யோசனை, யாருடையதோ.

ஏப்ரல் 26, வெள்ளி

உச்ச நீதிமன்றம் எல்லா விவிபேட் சீட்டுகளையும் எண்ணச் சொன்ன மனுக்களை ஏற்கவில்லை. சின்னங்களை ஏற்றும் கருவியை முடிவுக்குப் பின் 45 நாள் முத்திரையிட்டு வைக்கச் சொல்லியிருக்கிறது. ஒரு சட்டமன்றப் பகுதிக்கு ஐந்து சாவடியின் சீட்டுகளை எண்ணும் 2019 கணக்கே தொடரும். நம் தொகுதிக்கு ஆறு பகுதி, ஆக முப்பது சாவடி.

ஜூன் 4, செவ்வாய்

எட்டு மணிக்குள் வந்து சேர்ந்த தபால் ஓட்டுகள் முதலில். அரை மணி கழித்து இயந்திரங்கள். மேசை முகவர் கையில் இருக்க வேண்டியது, பதிவான ஓட்டுகளின் கணக்கான 17சி நகல்தான். ஏப்ரல் 19 மாலை சாவடியில் வாங்கியது. அதில் உள்ள மொத்த எண்ணோடு இயந்திரம் காட்டும் எண்ணை ஒப்பிட வேண்டும். அதை வாங்காமல் வீட்டுக்குப் போன முகவர் இன்று வெறும் பார்வையாளர். குமரி மக்களவைத் தொகுதியில் விஜய் வசந்த் மீண்டும் வென்றார். விளவங்கோட்டில் தாரகை கத்பர்ட்.

மேற்குக் கரையில் தடைக்காலம் தொடங்கி நான்கு நாள் ஆகிறது. தூத்தூர்ப் படகுகள் எல்லாம் இப்போது கரையில். ஜூலை 31 வரை ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், பிஎல்ஓ வந்தாலும் பார்க்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்கும் தகுதி நாட்கள். ஜூலை 1க்குள் 18 முடியும் பிள்ளைகளுக்குப் படிவம் 6. நீக்கப்பட்ட பெயர்களுக்கும் அதேதான். இடம் மாறியவர்களுக்குப் படிவம் 8. பட்டியலில் குறுக்கே நீக்கல் முத்திரை விழுந்திருக்கிறதா என்று முதலில் பாகத்தை எடுத்துப் பார்க்கவும். புதிய பெயர்கள் கடைசிப் பக்கத்துத் துணைப்பட்டியலில் இருக்கும், நடுவில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.