செப்டம்பர் 30-க்குள் சொல்ல வேண்டும்

ஆகஸ்ட் 12, 2024
தபால்பெட்டி காலி. ஜெர்மனியில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 14
மேற்கே டோர்ட்முண்ட் நகரத்திலிருந்து மெயில் வந்துவிட்டது. எனக்கு நர்ஸ் வேலை உறுதி, சம்பளம் கிட்டத்தட்ட இங்கே வாங்குவதுதான், செப்டம்பர் 30-க்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இவர் இரண்டு தடவை படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் டீ போடப் போனார். கேட்காமலே டீ போட்டால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

பாப்பாவின் சுக்கர்டூட்டெ இன்னும் ஹாலில் தலைகீழாக நிற்கிறது. ஒன்றாம் வகுப்பு சேரும் பிள்ளைக்கு மிட்டாயும் பென்சிலும் நிரப்பிக் கொடுக்கிற அட்டைக் கூம்பு. அதை வீட்டில்தான் செய்ய வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. கீழ்வீட்டுப் பாட்டிதான் முந்தின வாரம் கேட்டு, நான் முழித்த முழியைப் பார்த்துவிட்டு, மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்தார். மேல்பக்கம் பச்சை வலைத்துணி, அதில் துணியில் வெட்டித் தைத்த ஒரு யானை. இந்தியா என்றால் யானை! தும்பிக்கை கொஞ்சம் கோணல். தூக்கிப் போட மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 19
தூக்கமில்லை, பகல் டூட்டிதான், இருந்தும் தூக்கமில்லை. எல்லாம் அந்த அனுமதிக் கோப்பு பற்றித்தான். நர்ஸ் அங்கீகாரம் 2021 செப்டம்பரில் வந்தது. நிரந்தர அனுமதிக்கு நான்கு வருடம் என்று இருந்ததைப் போன நவம்பரில் மூன்றாகக் குறைத்தார்கள், ஆக எனக்கு இந்த செப்டம்பர். பென்ஷன் கட்டிய 36 மாதக் கணக்கு, பி1 ஜெர்மன் மொழிச் சான்றிதழ், இந்த நாட்டைப் பற்றிய 33 கேள்விப் பரீட்சை (31 சரி, தப்பான இரண்டும் எவை என்று இன்றுவரை குடைகிறது), வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாம் ஜூனிலேயே கொடுத்தாயிற்று. ஆனால் இப்போது ஊர் மாறினால் கோப்பும் மாறும். புது ஊரில் பதிந்ததும் இங்குள்ள அலுவலகம் இது எங்கள் வேலை இல்லை என்றுவிடும், அங்குள்ளவர்கள் இன்னும் கோப்பு வரவில்லை என்பார்கள். எங்கள் வார்டு கேரளத்துப் பெண் ஒருத்தி இப்படித்தான் நடுவில் மாட்டி எட்டு மாதம் தற்காலிகக் காகிதத்தோடு அலைந்தாள். அம்மைக்கு முடியாமல் போன நேரத்தில்கூட ஊருக்குப் போகப் பயந்து இருந்துவிட்டாள். கடிதம் கையில் வந்தபிறகு மாறலாம் என்றால் டோர்ட்முண்டில் செப்டம்பர் 30-க்குமேல் காத்திருக்க மாட்டார்கள்.

மணி மூன்று. அஞ்சரைக்கு எழும்ப வேண்டும்.

ஆகஸ்ட் 20
காலி.

ஆகஸ்ட் 25
ஊருக்குப் போன். அம்மை, “எப்பதான் மக்களே ஒரு இடத்துல இருப்பீங்க?” என்றாள். அத்தான் பின்னாலிருந்து விளை விஷயத்தை எடுத்தார். குடியுரிமை வாங்கினால் விவசாய நிலம் புதுசாக வாங்க முடியாதாமே, பரம்பரையாக வருவது மட்டும்தானாமே. ஆமாம் அத்தான். ஜெர்மனி இரண்டு பாஸ்போர்ட்டுக்கு ஜூனில் சம்மதித்துவிட்டது, இந்தியா சம்மதிக்காது. இப்போது அந்தப் பேச்சே இல்லை, வாடகை வீட்டுக்கே வழி தெரியாமல் நிற்கிறோம் என்றேன். இவர் முகம் தொங்கிப்போயிற்று.

செப்டம்பர் 1
இங்கே துயூரிங்கன் மாநிலத்தில் தேர்தல். டிவி வேண்டாம் என்றுவிட்டேன். இவர் போனில் பார்த்துவிட்டு வந்து நின்றார். வெளிநாட்டவர் வேண்டாம் என்கிற ஏஎஃப்டி கட்சிக்கு 32.8 சதவீதம்.

செப்டம்பர் 2
மூன்றில் ஒருத்தர். பஸ்ஸில் பன்னிரண்டு பேர், அப்போ நாலு. கடையில் கவுண்டருக்குமுன் ஆறு பேர், ரெண்டு. வார்டில் இருபத்தேழு கட்டில். ஒன்பது பேர் யார் யார் என்று குளிப்பாட்டும்போது யோசித்தேன், அப்படி யோசிக்கிற என்னையே பிடிக்கவில்லை. ஏழாம் கட்டில் தாத்தா, முதுகு தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, “நீ போய்விடக் கூடாது, மற்றவர்கள்தான் போக வேண்டும்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். என்ன பதில் சொல்வது? தண்ணீர் சூடு போதுமா என்று கேட்டேன்.

செப்டம்பர் 3
பாட்டி எப்படி ஓட்டுப் போட்டிருப்பார்? கேட்க மாட்டேன்.

செப்டம்பர் 7
விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை கீழே கொண்டு கொடுத்தேன். உருட்டிப் பார்த்து, “க்ளோஸ்!” என்றார், இந்த ஊர் உருளைக்கிழங்கு உருண்டை. உள்ளே வெல்லமும் தேங்காயும் இருந்தது கண்டு திடுக்கிட்டார். மூன்று சாப்பிட்டார்.

செப்டம்பர் 15
நேற்றும் இன்றும் டோர்ட்முண்ட். 49 யூரோ டிக்கெட்டில் போனால் லோக்கல் ரயில்தான், காசலில் மாற வேண்டிய வண்டி ரத்து, பாப்பா பிளாட்பாரத்தில் தூங்கிவிட்டாள். வழியில் ஹம்மில் இறங்கி பஸ் பிடித்துக் காமாட்சி அம்மன் கோவில். தொழிற்பேட்டைக்குள், லாரி ஷெட்டுகளுக்கு நடுவே திடீரென்று 17 மீட்டர் கோபுரம். இலங்கைத் தமிழர்கள் 2002-ல் கும்பாபிஷேகம் செய்தது. திருநீறு வாசனை மூக்கில் ஏறியதும் இவர் அழுதுவிட்டார், நான் பார்க்காத மாதிரி செருப்பைத் தேடினேன்.

டோர்ட்முண்டில் தமிழ்க் கடை. முருங்கைக்காய், நல்லெண்ணெய், அப்பளம். “எங்க இருந்து வாறியள் அக்கா?” என்று கேட்டார் கடைக்காரர், துயூரிங்கன் என்றதும் தராசில் கையை வைத்தபடியே, “அங்க இருக்கேலுமா?” என்றார். இருக்கேலும் என்றேன். வேகமாகச் சொன்னேன், எனக்கே கொஞ்சம் கோபமாக வந்தது. அவருக்கென்ன தெரியும் யானையைப் பற்றி.

வீடு ஒன்று பார்த்தோம். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, 62 சதுர மீட்டர், இங்கே கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு வாடகை, மூன்று மாத டெபாசிட். படிக்கட்டில் பதினாறு பேர் வரிசை. பெயர்ப்பலகைகளில் துருக்கி, போலந்து, அரபு, சிவ- என்று தொடங்கும் ஒரு பெயரும்கூட. யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எவ்வளவு சுகம் என்று மறந்தே போயிருந்தது.

செப்டம்பர் 16
காலி. விளம்பரத் தாள் ஒன்று.

செப்டம்பர் 20
லீவு. குழந்தைகள் தினம், ஜெர்மனியிலேயே இந்த மாநிலத்துக்கு மட்டும். பாப்பா பாட்டியோடு தோட்டத்தில் பிளம் பழம் பொறுக்கப் போனாள். வந்ததும் என்னைத் திருத்தினாள், ஜெர்மன் சொல்லுக்கு முன்னால் வருகிற டெர், டீ, டாஸ் எல்லாம் எனக்குத் தப்பாம். தமிழில் திட்டினேன், ஜெர்மனில் பதில் வந்தது. டோர்ட்முண்டில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டு என்று இவர் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். சரியான நேரம் பார்த்து.

செப்டம்பர் 24
சண்டை. எழுதப் பிடிக்கவில்லை. “உனக்கு அந்தக் கிழவிதான் முக்கியம்” என்றார்.

செப்டம்பர் 25
ஆமாம், முக்கியம்தான்.

செப்டம்பர் 26
வாசல் கைப்பிடியில் அட்டை தொங்குகிறது, இந்த வாரம் மாடிப்படி நம்முடைய முறை. இவர் பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு போய், கீழ்வீட்டு வாசல்வரை துடைத்துவிட்டு வந்தார். அப்புறம் எனக்கு டீ.

செப்டம்பர் 28
பாட்டியிடம் சொல்லிவிட்டேன், போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று. தலையாட்டினார். போனால் கூம்பைக் கொண்டுபோக அட்டைப்பெட்டி தருவதாகச் சொன்னார், அவரிடம் அந்த நீளத்துக்கு ஒன்று இருக்கிறதாம், பழைய கம்பளம் வந்த பெட்டி. மாடியிலிருந்து இறக்கி வைத்தும்விட்டார். வாசலில் நிற்கிறது.

செப்டம்பர் 30
காலி. இன்று ராத்திரி டூட்டி. மெயில் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு விதமாக. ஏழு மணி பஸ்.