எதிர்த்தரப்பையும் எழுதிப் பழகிய பிள்ளைகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனையடுத்த சாட்ஸ்வர்த்தில், அரசுப் பள்ளி ஒன்றில் லைஃப் ஓரியன்டேஷன் எனும் வாழ்க்கை வழிகாட்டல் பாடத்தின் ஆசிரியையாகப் பல ஆண்டுகள் பணியாற்றினேன். அரசியலமைப்பின் உரிமைச் சாசனம் அந்தப் பாடத்தில்தான் வருகிறது. ஒன்பதாம் பிரிவு சமத்துவம், இருபத்தொன்பதாம் பிரிவு கல்வி என்று பிள்ளைகள் பிழையின்றி ஒப்பிப்பார்கள். ஆனால் அந்த உரிமை மீறப்பட்டால் யாரிடம், எப்படி, என்ன சொல்லிக் கேட்பது என்றால் வகுப்பு மௌனமாகிவிடும். அந்த மௌனத்தைப் பாடநூலால் கலைக்க முடியாது என்று உணர்ந்த பிறகே நீதிமன்றத்துக்கு அவர்களை அழைத்துச் செல்ல அனுமதி கேட்டு எழுதத் தொடங்கினேன்.

வீடுகளில் அதற்கு எளிதில் சம்மதம் கிடைக்கவில்லை. "கோர்ட்டுப் படியைப் பிள்ளைகள் ஏன் மிதிக்க வேண்டும்?" என்று ஒரு மாணவியின் பாட்டி பள்ளிக்கே வந்து கேட்டார். அந்த அச்சத்தை நான் அறியாமை என்று கருதவில்லை. கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்களுக்குச் சட்ட மதிப்பில்லை என்று 1913இல் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பால், தாலி கட்டிய மனைவியர் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர்களானார்கள். காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் தமிழ்ப் பெண்கள் சிறை செல்லத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தில்லையாடி வள்ளியம்மை பதினாறு வயதில், 1914 பிப்ரவரியில், சிறையிலிருந்து கொண்டுவந்த காய்ச்சலிலேயே இறந்தார். அப்படிப்பட்ட நினைவு உள்ள குடும்பங்களுக்கு நீதிமன்றம் என்பது நீண்ட காலம் மற்றவர்களின் கட்டடமாகவே இருந்தது.

நாங்கள் முதலில் சென்றது ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு. காலை விசாரணையைப் பொதுமக்கள் இருக்கையில் அமர்ந்து பார்த்தோம். மதிய இடைவேளையில் உணவுக்குப் போகாமல் மாஜிஸ்திரேட் அம்மையார் பிள்ளைகளுடன் அமர்ந்தார். தன் மாமாவின் வழக்கு அங்கேயே நிலுவையில் இருப்பதாக ஒரு மாணவன் சொல்லத் தொடங்கியதும் அவனைக் கனிவாக நிறுத்தி, ஒரு தரப்பை மட்டும் தனியே கேட்பது மறுதரப்புக்கு இழைக்கும் அநீதி என்று விளக்கினார். அப்போது இன்னொரு மாணவி எழுந்து, "நீங்கள் எப்போதாவது தவறாகத் தீர்ப்பளித்திருக்கிறீர்களா, மேம்?" என்று கேட்டாள். எனக்கு உள்ளூர நடுக்கம் கண்டது. "மேல்முறையீட்டில் என் தீர்ப்புகள் மாற்றப்பட்டிருக்கின்றன. அதனால்தான் காரணங்களை எழுதி வைக்கிறேன். காரணம் எழுதாத தீர்ப்பில் பிழை எங்கே என்று யாராலும் காட்ட முடியாது" என்றார் அவர். நான் ஓராண்டு முழுவதும் பாடம் நடத்தியும் புரியவைக்க முடியாததை அந்தப் பதில் புரியவைத்தது.

திரும்பி வந்ததும் மூக்குத்தி வழக்கைப் பாடமாக எடுத்தேன். டர்பன் பள்ளி ஒன்றில் படித்த தமிழ்க் குடும்பத்து மாணவி 2004இல் விடுமுறையின்போது மூக்குத்தி குத்திக்கொண்டார்; பள்ளியின் ஒழுங்கு விதி அதற்கு இடம் தரவில்லை. பாகுபாடு இருந்தாலும் அது நியாயமற்றதன்று என்று பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் டர்பன் சமத்துவ நீதிமன்றம் கூறியது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மாணவியின் பக்கமே நின்றது. மூக்குத்தி அணிவது மதக் கட்டளை அல்ல, விரும்பிப் பின்பற்றும் குடும்ப வழக்கம்தான். ஆனாலும் கட்டாயமான வழக்கத்தைப் போலவே, மனமார்ந்து விரும்பி ஏற்ற வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் தலைமை நீதிபதி பியஸ் லங்கா எழுதினார். விதிகளுக்கு விலக்குக் கோரும் முறையைப் பள்ளி தன் ஒழுங்கு விதியில் சேர்க்க வேண்டும் என்றும் நீதிமன்றம் பணித்தது.

வகுப்பு கைதட்டியது. அந்தக் கைதட்டலே எனக்குக் கவலை தந்தது, ஏனெனில் அது காரணத்துக்கு விழுந்த கைதட்டல் அல்ல, நம்மவள் வென்றாள் என்பதற்கு விழுந்தது. ஆகவே பள்ளியின் தரப்பை எழுதி வரச் சொன்னேன். தாய் கையொப்பமிட்டு ஏற்ற விதி அது; ஒருவருக்கு விலக்களித்தால் மற்றவருக்கு மறுப்பது எப்படி; சீருடையின் நோக்கமே ஏழை, பணக்காரர் வேறுபாட்டை மறைப்பதல்லவா. இவற்றை நேர்மையாக எழுத முயன்றபோது சிலர் தவித்தார்கள். இந்தத் தவிப்பைத்தான் குடிமைக் கல்வி என்று நான் நம்புகிறேன். 2011 முதல் நம் நாட்டில் நடந்துவரும் பள்ளி மாணவர் மாதிரி நீதிமன்றப் போட்டியிலும், அதாவது கற்பனை வழக்கில் வாதாடும் போட்டியிலும், இருவர் கொண்ட அணி இரு தரப்புக்கும் வாதம் எழுத வேண்டும். இறுதிச் சுற்று அரசியலமைப்பு நீதிமன்றத்தில், நீதிபதிகள் முன் நடக்கிறது. எங்கள் அணி மாகாணச் சுற்றைத் தாண்டவில்லை.

ஆனாலும் அந்தக் கட்டடத்தைப் பார்த்தோம். பெற்றோர் பிரியாணி விற்றுச் சேர்த்த பணத்தில், இரவுப் பேருந்தில் ஜோஹன்னஸ்பர்க் சென்றோம். 1908இல் காந்தி அடைக்கப்பட்டிருந்த சிறை வளாகத்திலேயே அந்த நீதிமன்றம் எழுந்திருக்கிறது. விசாரணைக் கைதிகள் இருந்த பகுதியை இடித்த செங்கற்களால் அதன் சுவர்கள் கட்டப்பட்டிருக்கின்றன. பதினொரு நீதிபதிகளின் இருக்கைக்குப் பின்னே நீளமான சாளரம் ஒன்று உண்டு. வெளியே நடப்போரின் கால்கள் அதில் தெரியும். மக்கள் நீதிபதிகளின் தலைக்கு மேலே நடக்கிறார்கள் என்று ஒரு மாணவி மெதுவாகச் சொன்னாள். மாலையில் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் வள்ளியம்மையின் கல்லறைக்கு மலர் வைத்தோம். மாஜிஸ்திரேட்டிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவள் அங்கே நெடுநேரம் நின்றாள்.

அடுத்த ஆண்டு, கோயிலில் கட்டிய காப்புக் கயிற்றைக் கழற்ற வேண்டும் என்று எங்கள் பள்ளியில் புதிய விதி வந்தது. மாணவர்களைக் கலந்தாலோசித்தே ஒழுங்கு விதியை வகுக்க வேண்டும் என்ற பள்ளிகள் சட்டத்தின் எட்டாம் பிரிவைச் சுட்டி, அவளும் வேறு மூவரும் நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதினார்கள். அனுப்புமுன் என்னிடம் காட்டினார்கள். மூன்று பக்கம். இரண்டாம் பக்கம் முழுவதும் பள்ளியின் தரப்பு வாதம், நான் கேட்காமலேயே, அவர்கள் கையெழுத்தில் இருந்தது.