ஹெக்டரின் நாணம்
கிரேக்கர்கள் ட்ராய் நகரை முற்றுகையிட்ட போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியம் என்றதும் கிரேக்க மாவீரன் அக்கிலீஸின் சினத்தையே பேசுகிறோம். என் மனத்தை விட்டு அகலாதவனோ ட்ராய் நகரத்து இளவரசன் ஹெக்டர். 6ஆம் காண்டத்தில், கைக்குழந்தையோடு வந்து நிற்கும் மனைவி ஆண்ட்ரோமக்கி, மதில் எளிதில் ஏறக்கூடியதாக இருக்கும் காட்டத்தி மரத்தருகே படையை நிறுத்திக் காக்கும்படி கெஞ்சும்போது, கோழையைப் போலப் போரிலிருந்து ஒதுங்கினால் ஊராரின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மறுக்கிறான். அந்த நாணம்தான் அவனை எப்போதும் முன்னணியில் நிறுத்துகிறது.

அதுவே அவனைக் கொல்லவும் செய்கிறது. சினத்தால் ஒதுங்கியிருந்த அக்கிலீஸ் மீண்டும் போருக்கு எழுந்த இரவில், மதிலுக்குள் திரும்பிவிடலாம் என்று ஹெக்டரின் தோழன் பொலிடாமஸ் சொன்ன சரியான அறிவுரையை, வெற்றி மயக்கத்தில் இருந்த ஹெக்டர் தூக்கியெறிகிறான். மறுநாள் ட்ராய் வீரர்கள் கொத்துக்கொத்தாக மடிகிறார்கள். 22ஆம் காண்டத்தில், பெற்றோர் மதில்மேலிருந்து கதறியும் அவன் உள்ளே போகவில்லை, ஏனெனில் பொலிடாமஸே முதலில் தன்னைப் பழிப்பான் என்று அஞ்சுகிறான். இவ்வளவு எண்ணி நின்றவன், அக்கிலீஸ் நெருங்கியதும் நடுங்கி, நகரை மூன்று முறை சுற்றி ஓடுகிறான். ஹோமர் இதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தம்பியின் உருவில் வந்த, கிரேக்கர் பக்கம் நின்ற தேவி அத்தேனா தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று உணர்ந்த பிறகு, புகழின்றி மடியமாட்டேன் என்று அவன் வாளை உருவிப் பாய்கிறான். அச்சத்தை முழுதாக அறிந்தபின் வரும் அந்தத் துணிவை, தெய்வம் செய்த கவசம் அணிந்த அக்கிலீஸின் வீரத்தைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.