ரிப்போர்ட் இல்லை என்றதும் வந்த நிம்மதி

மாரடைப்பு, ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட், மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். அதுவரை சிக்கலில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே 'கார்டியாக் ரிஹாப்' என்று ஒரு வரி; இதயம் தேற ஆஸ்பத்திரியில் கண்காணிப்போடு நடத்தும் உடற்பயிற்சி வகுப்பு அது. டாக்டர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடைப்புதான் எடுத்தாயிற்றே என்று நானும் கேட்கவில்லை.

மனைவியின் நச்சரிப்பில் மூன்று வாரம் கழித்துப் போனேன். கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமலே, "எக்கோ ரிப்போர்ட் எங்க சார்? அது இல்லாம பதிய முடியாது" என்றார். இதயத்தை ஸ்கேன் எடுத்த ரிப்போர்ட் அது. இரண்டு பஸ் மாறி வந்தவனுக்குக் கோபம்தானே வரவேண்டும்? நிம்மதியாக இருந்தது! வெளியே ஒரு டீ (சர்க்கரை இல்லாமல்தான்), அப்புறம் வீட்டில் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ரிப்போர்ட் பீரோவில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பப் போக 18 நாள் ஆனது. நடுவில் மழை, மச்சினன் வீட்டுக் காதுகுத்து, ஆட்டோ செலவு என்று தினம் ஒரு சாக்கு.

விஷயம் வேறு. படியேறும்போதே கை தானாக நாடியைப் பிடிக்கும். சட்டைப்பையில் சார்பிட்ரேட் (நெஞ்சுவலி வந்தால் நாக்கடியில் வைக்கும் மாத்திரை) இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டேன். என்னைப் போய் டிரெட்மில்லில் ஏற்றினால்?

பிசியோதெரபிஸ்ட், என் மகள் வயதுப் பெண், முதலில் நீட்டியது 9 கேள்விகள் உள்ள தாள். 2 வாரமாக எதிலும் நாட்டமில்லையா, சோர்வா, தூக்கம் எப்படி என்று. எல்லாவற்றுக்கும் 'இல்லவே இல்லை' என்று டிக் அடித்தேன். "அங்கிள், ராத்திரி நிஜமாவே நல்லா தூங்குறீங்களா?" என்றாள். தாளைத் திரும்ப வாங்கி நாலைந்தை அடித்துத் திருத்தினேன். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு சகஜம், பலர் பாதியில் நின்றுபோவதும் அதனால்தான் என்றாள். முதல் நாளே டாக்டர் இதைச் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது வகுப்பில் நெஞ்சு பிசைந்தது. உடனே நிறுத்தி ஈசிஜி, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, பயம். அதைத் திரையில் என் கண்ணாலேயே பார்த்ததுதான் மருந்து.

போகிறவர்கள் எக்கோ ரிப்போர்ட்டை மறக்காதீர்கள். பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிட்டால் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, வாட்ச்சைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். களைப்பை 6 (களைப்பே இல்லை) முதல் 20 (இதற்குமேல் முடியாது) வரை எண்ணால் சொல்லச் சொல்வார்கள். எனக்கு 11 முதல் 13 போதும் என்றார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் அது.

6 நிமிட நடையில் முதல் நாள் 310 மீட்டர், கடைசி வாரம் 405. படியில் நாடி பார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. ஆனால் பாதிப் படி ஏறிய பிறகுதான் அது ஞாபகமே வருகிறது.