ஏழாலைப் பக்கத்து மிளகாய்த்தூள் வீடு

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தைக்கு விடிந்த கையோடு போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் வாழைக்குலைகள் லொறியில் ஏறிப் புறப்பட்டிருக்கும். நான் போன நேரம் கதலி ஒரு பக்கம், இதரை ஒரு பக்கம், மரவள்ளி, கத்தரி, பீற்றூட் என்று நிலம் தெரியாமல் குவிந்து கிடந்தது. சைக்கிளிலும் லான்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு மெஷினிலும் கொண்டுவந்து இறக்கிய விவசாயிகள் தங்கள் பொருளுக்குப் பக்கத்தில் பேசாமல் நின்றார்கள். விலை சொன்னதெல்லாம் வாங்க வந்தவர்கள்தான். 100 கிலோ கொண்டுவந்தால் 10 கிலோவைக் கழிவு என்று கழித்துவிட்டு மிச்சத்துக்குக் காசு கொடுப்பது வடக்குச் சந்தைகளில் நெடுங்காலமாக இருக்கிற வழக்கம். எத்தனையோ கூட்டம் போட்டுக் கதைத்துவிட்டார்கள். ஆனாலும் விவசாயிகளின் முறைப்பாடு ஓயவில்லை.

யாழ்ப்பாணம் வந்தால் நல்லூர், கோட்டை, நூலகம், நயினாதீவு என்று எல்லோருக்கும் ஒரு சுற்று இருக்கிறது. அதை முந்தியே பார்த்துவிட்டதால் இந்த முறை ஒரு மிளகாய்த்தூள் மில்லைப் பார்க்க வந்தேன். கனடாவில் இருக்கும் நண்பனின் அம்மாவுக்கு அந்த மில்லின் தூள் போடாத மீன்குழம்பு இறங்காதாம். மில்லுக்காரரைப் போனில் பிடித்து, "எப்ப வரலாம் ஐயா?" என்று கேட்டேன். "முதல்ல சந்தையைப் பாத்திட்டு வாரும். பிறகு கதைப்பம்" என்றார்.

ஊரின் பெயரையும் தங்கள் பெயர்களையும் எழுத வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். ஏழாலை, குப்பிளான் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டோவில் போகும்போது வீதியின் இரண்டு பக்கமும் செம்மண் தோட்டங்கள். உழுத மண்ணில் ஈரம் பட்டால் அந்தச் சிவப்பு இன்னும் கறுத்துத் தெரியும். அதற்கடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். இந்த ஊர்கள் இருக்கிற வலிகாமத்தில் ஆறு என்று சொல்ல, மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறுதான் உண்டு. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழை கல்லிடுக்குகளில் இறங்கி, கீழே கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் நன்னீராகத் தங்குகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். அதனால் இங்கே நல்ல தோட்டக்காரன் வானத்தைப் பார்ப்பதைவிடக் கிணற்றைத்தான் அதிகம் எட்டிப் பார்ப்பான்.

ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சாரமும் பெனியனுமாகப் படலையடிக்கே வந்து கூட்டிப்போனார். தேத்தண்ணி வருவதற்குள் கதை தொடங்கிவிட்டது.

தகப்பனுக்கு 10 பரப்புத் தோட்டம் இருந்தது. 16 பரப்பு சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற துலா மரத்தில் தகப்பன் ஏறி மிதிக்க, பள்ளிக்கூடம் போக முதல் இவர் கீழே நின்று பட்டையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பூவரசங்குழையும் பனையோலையும் பசளையாக மண்ணில் தாழ்த்துகிற வேலை, ஆட்டுப்பட்டி அடைக்கிற வேலை எல்லாம் பழக்கம். மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மெஷின் வந்த பிறகு துலா ஓய்ந்தது. இவர் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்தில் முழுதாக இறங்கிய நேரம் 1970 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் வந்தது. வெளிநாட்டிலிருந்து மிளகாய், வெங்காயம் இறக்குவதைக் கட்டுப்படுத்தினார்கள். நாடு முழுக்க யாழ்ப்பாணத்துச் செத்தலுக்கும் (காய்ந்த மிளகாய்) வெங்காயத்துக்கும் காத்திருந்த காலம் அது. வெங்காயத்தைத் தாளோடு பிடி பிடியாகக் கட்டிக் கொட்டில் வளையில் தொங்கவிட்டு, விலை ஏறும்வரை பொறுத்திருப்பார்களாம்.

"அப்ப கொட்டிலில நாலு மூட்டை செத்தல் கிடந்தால் பாங்கில காசு கிடக்கிற மாதிரி" என்றார் ஐயா. அந்தக் காசில் ஊரில் கல்வீடுகள் எழும்பின. இவரும் கல்யாணம் கட்டி, கடன் எடுத்துப் பக்கத்துத் தறை 8 பரப்பையும் வாங்கிப்போட்டார்.

1977 இல் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்தது. கப்பலில் செத்தலும் வந்தது. இவருடைய கொட்டிலில் விலைக்காகப் பொறுத்துவைத்த மூட்டைகள் நிறம் மங்கிப் போகும்வரை கிடந்தன. கடைசியில் கேட்ட விலைக்குக் கொடுத்தார். எவ்வளவுக்கு என்று கேட்டேன். சொல்ல விருப்பமில்லாமல் கையை உதறினார்.

இந்த இடத்தில்தான் அவர் மற்ற விவசாயிகளிலிருந்து விலகுகிறார் என்று நினைக்கிறேன். எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்திருக்கிறார். செத்தல் விலை விழுந்தும் சந்தியில் இருந்த மில்லில் அரைகூலி விழவில்லை. மிளகாய் எங்கே காய்த்தாலும் அதை அரைக்கத்தானே வேண்டும்? புதிதாக வாங்கிய 8 பரப்பை விற்றுக் கடனை அடைத்தார். மிஞ்சியதில் யாரோ கழித்துவிட்ட ஒரு பழைய மில்லையும் எஞ்சினையும் வாங்கி வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டில் போட்டார். மனைவியின் தமையன் அன்றைக்குப் படலைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. "மண்ணை வித்து மெஷின் வாங்கிற மனுசனைப் பாத்திருக்கிறியளோ?" என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தாராம்.

முதலில் கூலிக்கு அரைக்கிற மில்தான். அரிசி, மல்லி, ஒடியல், எது கொண்டுவந்தாலும் அரைப்பார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு ஊரிலிருந்து பெடியள் ஜேர்மனி, பிரான்ஸ், லண்டன், கனடா என்று போகத் தொடங்க, வேறொரு தேவை வந்தது. போகிற பிள்ளையின் சூட்கேசுக்குள் ஒரு பை தூள் வைக்காத தாய் இல்லை. வறுத்து இடிக்க உடம்பு இயலாதவர்கள், "நீங்களே வறுத்து அரைச்சுத் தாங்கோவன்" என்று ஐயாவின் மனைவியிடம் வந்து நின்றார்கள். இவர்களுடைய வியாபாரம் உண்மையில் தொடங்கியது அந்தக் குசினியில்தான்.

அம்மா வறுக்கிற இடத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். காற்று வந்து போக இரண்டு பக்கமும் திறந்த கொட்டில், விறகடுப்பு, பெரிய இரும்புத் தாச்சி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுக்கிற வேலையே இல்லை. மல்லி தனி, மிளகு தனி, நற்சீரகம், பெருஞ்சீரகம் தனித்தனி. வெந்தயத்துக்கு அவர் அடுப்பை விட்டு நகர்வதில்லை. அது ஒரு பிடி கருகினால் மூட்டைத் தூளும் கசந்துபோகும். செத்தலைக் காம்பு கிள்ளி, நெருப்பைத் தணித்து, விடாமல் கிளறுகிறார். ஈரம் போய்விட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "சத்தம் மாறும் தம்பி, கேட்டுப் பாருங்கோ" என்றார். எனக்குத் தும்மலைத் தவிர ஒரு சத்தமும் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்ட வெளியே ஓடிவந்தேன். உள்ளே வேலை செய்த பெண்கள் நன்றாகச் சிரித்தார்கள். கடைசியாகக் கறிவேப்பிலை, கையால் நொறுக்கினால் தூளாகிற பதத்துக்கு. எல்லாம் ஆறிய பிறகு மஞ்சள் சேர்த்து மில்லுக்குப் போகும். சூட்டோடு அரைத்துப் பையில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும்.

ஊரில் எல்லோரும் ஐயாவைத்தான் முதலாளி என்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வியாபாரத்தின் முதல் அம்மாவின் மூக்கிலும் காதிலும் இருக்கிறது. அவர் இதுவரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வைத்ததில்லை என்பது வேறு கதை.

யுத்த வருடங்களை ஐயா வேகமாகக் கடந்தார். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் அருமையானபோது மில் நின்றது. அம்மா உரலுக்குத் திரும்பினார். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழும்பி மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது, சைக்கிளில் பிள்ளைகளும் அரிசியும், கூடவே சின்னத் தாச்சி ஒன்றும். அடுத்த வருடம் திரும்பி வந்தால் தகரமும் இல்லை, எஞ்சினும் இல்லை. மில்லின் அடிக்கல் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி தொடங்கி, 2002 இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்ததும் கொழும்புக்குப் பெட்டி அனுப்பினார்கள். 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட, அதுவும் நின்றது. 2009 க்குப் பிறகுதான் தொடர்ச்சியாக மூச்சு விட முடிந்தது. "ஒவ்வொரு முறையும் மெஷின்தான் போச்சுது. இவவின்ர கைப்பக்குவத்தை ஒருத்தராலும் எடுக்க ஏலாமல் போச்சுது" என்றார். அம்மா அதைக் கேட்காத மாதிரி மல்லி புடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நடத்துவது மகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி விவசாய பீடத்தில் படித்தவர். மருமகன் மெஷினையும் வாகனத்தையும் பார்க்கிறார், மகன் ரொறன்ரோவில் இருந்து கடைகளுக்குப் போடுகிறார். குடும்ப வியாபாரம் என்றால் எல்லோரும் ஒரே சொல்லில் நிற்பார்கள் என்று வெளியே இருக்கிற நமக்கு ஒரு நினைப்பு. இங்கே மத்தியானச் சாப்பாட்டு மேசையிலேயே இரண்டு சண்டை பார்த்தேன்.

ஒன்று, வறுக்கிற மெஷின். உருளை மாதிரிச் சுற்றுகிற ஒன்றை மருமகன் கொண்டுவந்து பூட்டிவிட்டார். அம்மா அதில் அரைத்த தூளை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. பல மாதப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு மல்லிக்கு மெஷின், செத்தலுக்கும் வெந்தயத்துக்கும் தாச்சி என்று ஒரு உடன்பாடு. அது இன்றைக்கும் முழுதாக ஒப்புக்கொள்ளப்பட்டதாகத் தெரியவில்லை.

மற்றது பரிசோதனைக்கூடம். சரியாகக் காயாத மிளகாயில் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். அது விடுகிற அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஐரோப்பாவுக்குப் போகிற மிளகாய்த்தூளில் அது ஒரு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒருமுறை கணக்குக் கூடிவர, மகள் அந்தத் தொகுதி முழுவதையும் நிறுத்திவிட்டார். "கண்ணுக்குத் தெரியாத ஒண்டுக்காக மணமான தூளைக் கொட்டுறதோ பிள்ளை?" என்று ஐயா நாட்கணக்கில் முகம் கொடுக்கவில்லை. மகள் அசையவில்லை. இப்போது வருகிற செத்தலெல்லாம் முதலில் நிலத்திலிருந்து உயர்த்திய வலைத் தட்டுகளில் மறுபடி காய்கிறது. ஓலைப்பாய்கள் கொட்டில் மூலையில் சுருட்டியபடி கிடக்கின்றன. நான் மகள் பக்கம். சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லவில்லை.

சரி, அந்தச் செத்தல் எங்கிருந்து வருகிறது? இலங்கை தனக்கு வேண்டிய செத்தல் மிளகாயில் பெரும்பங்கை இந்தியாவிலிருந்து இறக்குகிறது. இந்த மில்லுக்கும் கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடைகள் வழியாக அதுதான் வருகிறது. ஊரில் கிடைக்கிற செத்தலை வைத்துக் கேட்கிற அளவுக்குத் தூள் அரைக்க முடியாது. விலையும் கட்டாது. 1977 இல் இவரைத் தோட்டத்திலிருந்து விழுத்திய அதே இறக்குமதியில்தான் இன்றைக்கு இந்த மில் ஓடுகிறது. இதைக் கொஞ்சம் தயங்கித்தான் ஐயாவிடம் கேட்டேன்.

"ஓம். அதை ஏன் கேக்கிறீர்?" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "விளைவிக்கிறவனுக்கு விலை இல்லை தம்பி. சந்தைக்குப் போனனீர்தானே? ஆராவது விவசாயி வாய் திறந்தவனோ?" என்றார்.

2022 உம் அப்படித்தான். ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 க்கு மேலே போய், நாளில் பாதி கரண்ட் இல்லாமல், பெற்றோல் வரிசையில் சனம் கிடந்த வருடம். அதற்கு முந்திய வருடம் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து தோட்டக்காரர் ஏற்கெனவே நொந்திருந்தார்கள். இந்த வீட்டுக்கோ ரொறன்ரோவிலிருந்து வந்த டொலர் அந்த நேரம் கை கொடுத்தது. ஜெனரேற்றருக்கு டீசல் தேடி மருமகன் அலைந்த கதை தனி. ஊர் நொந்த வருடத்தில் தங்கள் கணக்கு கூடியதை மகள் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது.

பின்னேரம் ஐயா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். தகப்பனுடைய 10 பரப்பில் 4 பரப்பில் இன்னும் மிளகாய் வைக்கிறார். எம்.ஐ. 2 என்ற பழைய இனம். புது இனங்கள் கூடக் காய்க்கும் என்று மகள் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். இறைப்பு, கூலி, மருந்து எல்லாம் கூட்டிப் பார்த்தால் நட்டம். மகளுடைய கணினிக் கணக்கில் இதற்கென்று தனியாக ஒரு பக்கமே இருக்கிறது. தலைப்பு: "அப்பான்ர செலவு". அந்தச் செத்தலைத் தனியாகக் காயவைத்துத் தனியாக அரைக்கிறார்கள். வீட்டுச் சமையலுக்கும், நண்பனின் அம்மா மாதிரியான சில பழைய ஆட்களுக்கும்தான் அது. வெளியே விற்பனைக்கு இல்லை. எனக்கு அரைக் கிலோ கிடைத்தது. மகள் காசு வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டும் எழுதினார். ஐயா வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டியும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: வலிகாமத்தில் இப்படி வறுத்து அரைத்துக் கொடுக்கிற வீட்டு மில்கள் பல ஊர்களில் உண்டு. எந்தச் சந்தியிலும் கேட்டால் கைகாட்டுவார்கள். தை, மாசியில் போனால் மிளகாய்க்கன்று நடுவதைப் பார்க்கலாம், சித்திரைக்குப் பிறகு என்றால் பழம் பறிப்பு. மாரியில் காயவைக்க வெயில் இல்லாததால் வறுப்பு குறைவு. மழை நாளில் அடுப்பே மூட்டமாட்டார்கள். எப்போது வறுக்கிறார்கள் என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள், ஒரு கைலேஞ்சியும் கொண்டுபோங்கள்.