தெரிந்தே விடப்படும் பிழைகள்

ஒரு பெரிய கேம் வெளியான அன்று இரவுக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: “இதையெல்லாம் யாருமே டெஸ்ட் பண்ணிப் பார்க்கலையா?” கதவில் பாதி உடல் சிக்கி நிற்கும் காவலாளி, தரைக்குள் மூழ்கிப் போகும் குதிரை, மெனுவைத் திறந்து மூடினால் காணாமல் போகும் சேவ் (ஆட்டத்தைச் சேமித்துவைத்த பதிவு). கேம் டெஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி கசக்கும். அந்தக் குதிரைக்குப் பெரும்பாலும் ஒரு பக் (பிழை) எண் உண்டு. எந்தச் சரிவில் எந்தக் கோணத்தில் இறங்கினால் விழுகிறது, 10 முயற்சியில் எத்தனை தடவை விழுகிறது என்று எழுதி, வீடியோவும் சேர்த்துக் கொடுத்து மாதக்கணக்காகியிருக்கும். நிலை என்ற கட்டத்தில் ‘மூடப்பட்டது, இந்த வெளியீட்டில் திருத்தமில்லை’ என்று போட்டிருக்கும்.

டெஸ்டிங் என்றால் நாள் முழுக்க கேம் ஆடிக்கொண்டிருப்பது என்று பலருக்கு நினைப்பு. நிஜத்தில் ஒரே 6 விநாடியை 200 தடவை ஆடுவது. “கேம் கிராஷ் ஆகிறது” என்று மொட்டையாக எழுதினால் புரோகிராமர் திருப்பி அனுப்பிவிடுவார், அது நியாயமும்கூட. பில்டு (கேமின் அன்றைய பதிப்பு) எண், எந்தக் கன்சோல், எந்த சேவ், என்னென்ன படிகள், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது, 10க்கு எத்தனை என்று அத்தனையும் வேண்டும். 10க்கு 10 வரும் பக் பிரச்சினையே இல்லை, அரை நாளில் ஆளைப் பிடித்துவிடலாம். 10க்கு 1 வருவதுதான் உயிரை எடுக்கும்.

உதாரணத்துக்கு, இரண்டு பேர் சேர்ந்து ஆடும் கேமில் ஒரு பெட்டியிலிருந்து ஒரே வாள் இரண்டு வாளாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால்தான் வரும். சர்வர் முதலில் “பெட்டியில் வாள் இருக்கிறதா?” என்று பார்க்கிறது, கொடுக்கிறது, பிறகுதான் “பெட்டி காலி” என்று குறித்துவைக்கிறது. பார்ப்பதற்கும் குறிப்பதற்கும் நடுவே இருக்கும் சில மில்லி விநாடிக்குள் இரண்டாவது ஆளின் கோரிக்கை நுழைந்துவிட்டால் அவருக்கும் ஒரு வாள். கண்டுபிடித்தபின் திருத்தம் நாலு வரிதான். அந்த நாலு வரியைக் காட்டிக்கொடுக்க இரண்டு பேர் மூன்று நாள் ஒரு பெட்டியைத் திறந்துகொண்டே இருந்திருப்பார்கள்.

வந்து குவியும் பக்குகளைப் பொதுவாக ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். கேம் நின்றுபோவது, சேவ் அழிவது, கதை மேலே நகராமல் முடங்குவது எல்லாம் ஏ. ஆட்டம் கெடும், ஆனால் சுற்றுவழி உண்டு என்றால் பி. நிழல் தவறாக விழுவது, முடி தோளுக்குள் புகுவது மாதிரி கண்ணை மட்டும் உறுத்துபவை சி. வெளியீடு நெருங்க நெருங்க, பி-யில் கை வைக்கவே பயப்படுவார்கள். கதவில் சிக்கும் காவலாளிக்காகக் கதவின் மோதல் எல்லையைக் கொஞ்சம் சுருக்கினால், வேறொரு நிலவறையில் எதிரிகள் அந்தக் கதவு வழியாக வரத் தெரியாமல் நிற்பார்கள். ஒன்றைத் தொட்டால் மூன்று உடையும் கட்டத்தில் தொடாமல் விடுவதுதான் தொழில் அறிவு. எந்தக் காலத்திலும் கேம்கள் பிழையோடுதான் வந்திருக்கின்றன. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வெறும் 40 கிலோபைட். அதிலும் சுவருக்குள் நுழைந்து, முடிவே இல்லாத ஒரு தண்ணீர் உலகத்தில் மாட்டிக்கொள்ள வழி இருந்தது. 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மற்றவர்கள் வேகமெடுப்பது, வரைய வேண்டிய உருவங்கள் குறைந்து பிராசசருக்குச் சுமை இறங்கியதால் வந்தது. நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். தெரிந்தே விட்ட குறைகளில் இதைவிட அழகானது இன்னொன்று இல்லை.

அதனால் அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் சொல்ல முடியாது. 1982இல் அட்டாரியின் ஈ.டி. கேமை ஐந்தே வாரத்தில் ஒருவர் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. விற்காத கார்ட்ரிட்ஜ்களை நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள், 2014இல் தோண்டியும் எடுத்தார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்மை. சிப்பில் பதித்தபின் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்ற பயம் இருந்தது. ஏ வகை பக் ஒன்று தீராமல் இருந்தால் தேதி தள்ளிப்போகும்.

இப்போது ‘கோல்டு’ ஆகிவிட்டது, அதாவது டிஸ்க்கில் அச்சிடும் பதிப்பு தயார் என்று அறிவிக்கும் நாளுக்கும் கடைக்கு வரும் நாளுக்கும் நடுவே சில வாரங்கள் இருக்கும். டிஸ்க் அச்சாகிக்கொண்டிருக்க, குழு தொடர்ந்து பக்குகளை அடைத்துக்கொண்டே இருக்கும். அதுதான் இணையம் வழியாக வந்து சேரும் திருத்தமான முதல் நாள் பேட்ச். கன்சோல் நிறுவனங்களின் தகுதிச் சோதனை கேம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நடுவே கண்ட்ரோலர் துண்டித்தால் கேம் நின்று சொல்கிறதா, சேவ் ஆகும்போது அணைக்காதீர்கள் என்று எச்சரிக்கிறதா, கணக்கு மாறினால் என்ன ஆகிறது என்பன போன்ற வரையறுத்த விதிகள்தான் அதில் உண்டு. ஆட்டம் இழுக்கிறது, ரசமாக இல்லை என்பதற்கு விதி கிடையாது. “பேட்ச் இருக்கிறதே” என்ற ஒரு சொல் வந்தபின் ஏ-க்கும் பி-க்கும் நடுவே இருந்த கோடு சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டது. என் குறையெல்லாம் அந்தக் கோட்டைப் பற்றித்தான். 2015இல் பேட்மேன்: ஆர்க்கம் நைட்டின் பிசி பதிப்பை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டு, மாதங்கள் கழித்துத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2020 டிசம்பர் 10இல் வந்த சைபர்பங்க் 2077ஐ ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் ஸ்டோர் இறக்கியது, 2021 ஜூனில்தான் திரும்ப ஏற்றியது. இன்று அது நல்ல கேம்தான். முதல் நாள் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதற்குச் சம்பளமில்லாத டெஸ்டர்கள்.

பிசியில் ஆடுபவர்களை இன்று அதிகம் எரிச்சல்படுத்தும் பக் எதுவென்றால் கிராஷ் இல்லை, திக்கல். விநாடிக்குச் சராசரி 90 ஃபிரேம் (படம்) காட்டும் கேம், ஒரு மூலை திரும்பியதும் சட்டென்று ஒரு கணம் உறையும். 60 ஃபிரேமில் ஓட ஒவ்வொரு ஃபிரேமும் 16.67 மில்லி விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். 59 ஃபிரேம் ஒழுங்காக வந்து ஒன்று மட்டும் 100 மில்லி விநாடி எடுத்தால், சராசரியில் அது கரைந்துபோகும், கண்ணில் கரையாது. பெரும்பாலும் காரணம் ஷேடர். ஒரு வெடிப்பு, ஒரு புகை, ஈரமான கல் என்று ஒவ்வொன்றும் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் சின்ன நிரல்கள் அவை. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரியும் மொழிக்கு அவற்றை மாற்றியாக வேண்டும். கன்சோலில் எல்லார் வீட்டிலும் ஒரே சிப் என்பதால் ஸ்டூடியோவிலேயே மாற்றி அனுப்பிவிடலாம். பிசியில் கார்டுக்குக் கார்டு, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளின் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கேம் கிராஃபிக்ஸ் கார்டோடு பேச உதவும் இடைமுகங்களான டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் வந்தபின் இதை முன்கூட்டியே தயார் செய்யும் பொறுப்பு பெரும்பாலும் டிரைவரிடமிருந்து கேமின் தலையில் வந்து விழுந்தது. தயார் செய்யாமல் விட்டால், முதல் வெடிப்பு வெடிக்கும் அதே கணத்தில் மொழிமாற்றம் நடக்கும், படம் உறையும். இரண்டாவது வெடிப்பு வழுக்கிக்கொண்டு போகும், ஏனென்றால் மாற்றியது வட்டில் தேங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் டெஸ்டிங் ஏமாறும். அதே மேசையில் அதே கம்ப்யூட்டரில் ஆறு மாதமாக அதே கேம் ஓடிக்கொண்டிருந்தால் தேக்கத்தில் எல்லாம் இருக்கும், திக்கலே வராது. ஷேடர் தேக்கத்தை முழுதாக அழித்துவிட்டு, புதிதாக வாங்கியவரின் கண்ணோடு முதல் ஒரு மணி நேரத்தைத் தினமும் ஒருவர் ஆடிப் பார்க்க வேண்டும். டிரைவர் மாறும்போதெல்லாம் திரும்ப வேண்டும். அலுப்பான வேலை. நேரம் குறையும்போது முதலில் அட்டவணையிலிருந்து கழற்றப்படுவதும் இதுதான்.

படத்தின் அழகுக்குக் கிடைக்கும் கவனிப்பு கைக்குக் கிடைப்பதில்லை. 2018இல் வந்த செலஸ்ட் என்ற சின்ன கேமில், விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும் சுமார் 0.1 விநாடி வரை குதிக்கவிடுவார்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னாடியே பட்டனை அழுத்திவிட்டாலும் அதை ஞாபகம் வைத்து, தொட்டதும் குதிக்கவைப்பார்கள். ஆடுபவருக்கு இது தெரியாது, “என் கை நல்லா ஓடுது” என்று மட்டும் தோன்றும். இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது ஃபிரேம் ஜெனரேஷன். 30 ஃபிரேமை 60 ஆகக் காட்ட, அடுத்த நிஜ ஃபிரேமைக் கொஞ்சம் பிடித்துவைத்து, நடுவில் ஒன்றை ஊகித்து வரைகிறது. கண்ணுக்கு 60, கைக்கு 30. பிடித்துவைத்த தாமதம் தனி. ஏற்கெனவே 60 ஓடும் கேமை 120 ஆக்க இது நல்ல கருவி. ஓடாத கேமை ஓடுவதாகக் காட்ட இதை நம்பினால் கண்துடைப்பு. தேவைப்படும் கம்ப்யூட்டர் பட்டியலிலேயே “ஃபிரேம் ஜெனரேஷனுடன் 60” என்று அச்சிட்டிருந்தால், செம்மைப்படுத்தும் வேலை முடியவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். டிவியில் ஆடுபவர்கள் கேமைத் திட்டுவதற்கு முன் கேம் மோட் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. படத்தை மெருகேற்றும் வேலையிலேயே சில டிவிகள் 50 மில்லி விநாடிக்கு மேல் விழுங்கிவிடும்.

எந்த பக் எவ்வளவு சீக்கிரம் சரியாகிறது என்று கவனித்தால் ஒரு நிறுவனத்தின் மனசு தெரிந்துவிடும். கேமுக்குள் விற்கும் நாணயம் இலவசமாகக் கிடைக்கும்படி ஓட்டை விழுந்தால், அன்று இரவே சர்வரை நிறுத்தியாவது அடைப்பார்கள். ஆட்டத்தில் உள்ள ஓட்டை அடுத்த சீசனுக்குக் காத்திருக்கும். இதற்கு ஜிடிஏ ஆன்லைனின் லோடிங் கதையை மிஞ்சிய உதாரணம் இல்லை. 2013இல் தொடங்கிய அந்த கேம் திறக்கப் பல நிமிடம் பிடிக்கும் என்பதை ஆடுபவர்கள் விதியாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 2021இல் வெளியாள் ஒருவர், மூல நிரல் கையில் இல்லாமலே, காரணத்தைத் தோண்டி எடுத்தார். திறக்கும்போது கேம் சுமார் 10 மெகாபைட் அளவுள்ள ஒரு பட்டியலைப் படிக்கிறது. ஏறக்குறைய 63,000 பதிவுகள். ஒவ்வொரு துண்டைப் படிக்கும்போதும், மிச்சமிருக்கும் முழு உரையின் நீளத்தையும் திரும்ப எண்ணுகிறது. ஒரு சொல்லை வாசிக்க, புத்தகத்தில் இன்னும் எத்தனை எழுத்து மிச்சம் என்று கடைசிப் பக்கம் வரை எண்ணிவிட்டு வருவது மாதிரி. பிறகு ஒவ்வொரு பதிவும் ஏற்கெனவே இருக்கிறதா என்று வரிசை முழுக்க ஒப்பிடுகிறது, கிட்டத்தட்ட 198 கோடி ஒப்பீடுகள். இரண்டையும் சரிசெய்ததும் அவர் கம்ப்யூட்டரில் 6 நிமிடம் பிடித்தது 1 நிமிடம் 50 விநாடியாகக் குறைந்தது. நிறுவனம் அதை ஏற்று பேட்ச் வெளியிட்டது, அவருக்கு 10,000 டாலரும் கொடுத்தது.

அந்த 10 மெகாபைட் பட்டியலில் இருந்தது வாங்கக்கூடிய பொருள்கள். கடைச் சரக்கு ஏறும்வரைதான் அத்தனை பேரும் அத்தனை வருடம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆரம்பத்தில் பட்டியல் சின்னதாக இருந்திருக்கும், யாருக்கும் உறைத்திருக்காது. சரக்கு இரண்டு மடங்கானால் இப்படிப்பட்ட வேலை நான்கு மடங்காகும். கடை வளர்ந்துகொண்டே போயிற்று.

கடை முதலில் நுழைந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். 2006இல் ஆப்லிவியன் கேமில் குதிரைக் கவசத்தை 2.50 டாலருக்கு விற்றபோது அது கேலிப்பொருள். இன்று அதே விலைக்கு ஒரு ஸ்கின் (பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றும் உடை) கிடைத்தால் மலிவு என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் லூட் பாக்ஸை 2018இல் பெல்ஜியம் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. மற்ற பல நாடுகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன.

சர்வரை நம்பி நிற்கும் கேமுக்கு இன்னொரு நோயும் உண்டு. 2014இல் வந்த தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31இல் அணைத்தார்கள். தனியாக ஓட்டக்கூட முடியாது, டிஸ்க் இருந்தும் பயனில்லை. கான்கார்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் 2024 ஆகஸ்ட் 23இல் வந்து செப்டம்பர் 6இல் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள், வருடக்கணக்கில் உழைத்தவர்களுக்குத் திருப்பித்தர ஒன்றும் இல்லை. ஆஃப்லைனில் ஓடும் வழியைக் கடைசியில் ஒட்டவைப்பது கஷ்டம் என்பது உண்மைதான். எதிரி எங்கே நிற்கிறான், பெட்டியில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் சர்வரே முடிவுசெய்யும்படி கட்டியிருப்பார்கள். முதல் வருடத்தில் யோசித்திருந்தால் அவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

வாங்கும் பக்கத்தில் கொஞ்சம் தற்காப்பு உண்டு. ஸ்டீம் என்ற பிசி கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஷேடர் தயாராகும் திரையில் காத்திருக்கும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் சேரும் என்பதால், அறிமுகக் காட்சிகளை ரசித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஃபிரேம் நேரத்தை எண்ணாக இல்லாமல் வரைபடமாகத் திரையில் போட்டுக்கொண்டு, கூட்டம் மிகுந்த இடத்தில் வேகமாகச் சுற்றித் திரும்புங்கள். கோடு தட்டையாக இருக்கிறதா, ஊசி ஊசியாக எழும்புகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரியும். எழும்பினால் அதே இடத்தை இன்னொரு தடவை சுற்றுங்கள். இரண்டாம் சுற்றில் ஊசிகள் மறைந்தால் ஷேடர், மறையாவிட்டால் வேறு ஏதோ. சேவ் செய்து, முழுதாக வெளியேறி, திரும்ப உள்ளே வாருங்கள். கடைசியாக, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஸ்டீமை ஆஃப்லைனில் வைத்துத் திறந்து பாருங்கள். தனியாள் கேம் என்று விற்றது ‘சர்வருடன் இணைகிறது’ என்ற வரியிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், 2 மணி நேரத்தில் இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.