தலையணைக்கடியில் சாவி

மறதி நோய் முற்றிய அப்பாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த அன்று, இனியாவது நிம்மதியாகத் தூங்கு என்றார்கள் எல்லோரும். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. நான்கு ஆண்டுகளாக அந்த நேரத்தில்தான் அவர் எழுந்து வாசல் கதவைத் திறக்கப் பார்ப்பார். அவர் இல்லாத வீட்டில் எழுந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன். சாவி வழக்கம்போல் தலையணைக்கடியில் இருந்தது.

முதல் மாதம் தினமும் போனேன், அதுவும் மாலையில். இந்த நோயில் பலருக்குப் பொழுது சாயச் சாயப் படபடப்பு கூடும் என்பது வீட்டிலேயே பார்த்ததுதான், ஆனாலும் உறைக்கவில்லை. என்னைக் கண்டதும் “வா, வீட்டுக்குப் போகலாம்” என்று செருப்பைத் தேடுவார். இனி இதுதான் வீடு என்று நான் வாதாடுவேன். அவர் அழுவார். நான் வெளியே வந்து அழுவேன்.

ஒருநாள் வேறு யாருடைய சட்டையோ போட்டிருந்தார். காலரின் உள்பக்கம் பக்கத்து அறைக்காரர் பெயர். பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் கத்தித் தீர்த்தேன். ஒரு சட்டைக்கா அவ்வளவு கோபம்? கொண்டுவந்து விட்டவள் நான்தானே. அந்தப் பெண் பதிலுக்குக் கத்தவில்லை. “பட்டன் போடவே விடமாட்டேன் என்கிறார். நீங்கள் எப்படிப் போடுவீர்கள்?” என்று கேட்டார்.

கீழ்ப் பட்டனிலிருந்து தொடங்க வேண்டும். கழுத்தருகே கை போனால் தட்டிவிடுவார். சேர்க்கும்போது மருந்துப் பட்டியல் கேட்டார்கள், கொடுத்தேன். இதைச் சொல்லத் தோன்றவே இல்லை. அன்று இரவு, அதே இரண்டு மணிக்கு, உட்கார்ந்து எழுதினேன். இடது காது மந்தம். குளியலறை விளக்கை முதலில் போட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார், ‘சார்’ என்றால் திரும்புவார். நான்கு பக்கம் வந்தது.

பிறகு காலையில் போக ஆரம்பித்தேன், வாரம் மூன்று நாள். விடைபெறுவதில்லை, சாப்பாட்டுத் தட்டு வந்ததும் நழுவிவிடுவேன். திருட்டுத்தனம் போலத்தான் இருந்தது. ஆனால் அவர் செருப்பைத் தேடவில்லை.

தூக்கத்துக்காகப் போன இடத்தில் மருத்துவர் ‘ஸாரிட்’ என்ற வினாத்தாளை நீட்டினார். பராமரிப்பவரின் சுமையை அளக்கும் 22 கேள்விகள். நான்தான் இறக்கிவைத்துவிட்டேனே என்றேன். இல்லத்தில் விட்டதும் மனச்சோர்வும் போய்விடும் என்று யார் சொன்னது என்றார். இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா என்று ஒரு கேள்வி. அதில் மட்டும் யோசிக்காமல் கடைசிக் கட்டத்தில் குறியிட்டேன்.

சாவி இப்போது ஆணியில் தொங்குகிறது. விழிப்பு இன்னும் வருகிறது, சில நாள் மூன்று மணிக்கு.